தாய்வழி உறவுகளைத் தேடுதல்: பாண்டிருப்பு, மண்டூர், திருக்கோவில் குடும்பமொன்று

பாண்டிருப்புப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மம்மாவின் பெற்றோரையும் அவர்களின் உடன்பிறப்புகளையும், அந்த வழியில் இன்று இருக்கக்கூடிய உறவினரையும் ஆவணங்களின் துணையுடன் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மம்மா 1924ஆம் ஆண்டு கிழக்கிலங்கையிலுள்ள பாண்டிருப்பில் பிறந்து, அதே வளவில் (வீட்டுக்காணியில்) வாழ்ந்து, 1997இல் காலமானார். அவருடைய தகப்பனார் மண்டூரிலிருந்து பாதையேறி (வாவியைக் கடத்தும் படகில் ஏறி) வந்து பாண்டிருப்பில் கல்யாணம் முடித்தவர் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பெயர் கணபதிப்பிள்ளை என்பதற்கு மேல் எவருக்கும் ஒன்றும் தெரியாது. மண்டூரில் விசாரித்தால் அந்தக் காலத்தில் ஒழுங்கைக்கு ஒரு கணபதிப்பிள்ளை இருந்திருக்கிறார்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் வீட்டுக் கூரை போனபோது பெட்டகத்திலிருந்த கடதாசிகளில் பெரும்பகுதி நனைந்து அழிந்துவிட்டது. இப்போது என் கையில் இருப்பவை அம்மம்மாவின் இறப்புச் சான்றிதழ், அவருக்கு 1943இல் எழுதிக்கொடுத்த சீதன உறுதியின் (காணிப் பத்திரத்தின்) பிரதி, யாருடையதென்று தெரியாத ஓர் ஓலைச் சாதகம் ஆகியவை மட்டுமே. அம்மம்மா ‘திருக்கோவில் அக்கா’ என்று ஒருவரைப் பற்றி அடிக்கடி பேசுவார். அவருடைய பிள்ளைகள் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தின்போது எங்கள் ஆட்களைக் கோயில் வீதியில் சந்திப்பது வழக்கமாம். 1990இன் இடப்பெயர்வுகளுக்குப் பிறகு அந்தத் தொடர்பு அற்றுப்போனது. அந்த அக்காவின் வழியில் வந்தவர்களைக் கண்டறிவதே என் முதல் நோக்கம். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெரியபோரதீவான்

தங்கச்சி, முதலில் கணபதிப்பிள்ளையின் தகப்பனாரின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைத்தால் மண்டூரில் மூத்தவர்களிடம் கேட்டு, ‘இன்னாருடைய மகன் இன்னார்’ என்று மேலே போய்விடலாம். பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கி, 1897 முதல் கட்டாயமாக நடந்து வருகிறது என்பதால், அவருடைய பிறப்பு எங்கேனும் பதியப்பட்டிருக்க வேண்டும். மாவட்டச் செயலகத்தில் தேடுதலுக்கு விண்ணப்பியுங்கள்.

உறுதிக்காரர்

நண்பர் பெரியபோரதீவானின் யோசனை வேறு மாவட்டங்களுக்குப் பொருந்தலாம். ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் குடும்பங்களில் தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற முயன்றவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் தலைமுறையிலேயே திகைத்து நிற்பதை, நொத்தாரிசு (உறுதி முடித்துக்கொடுப்பவர்) ஒருவரிடம் நீண்டகாலம் எழுதுவினைஞனாக இருந்தவன் என்ற வகையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் அதே வளவின் இன்னொரு மூலையில் அடுத்த மகளுக்கு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆகவே பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் இருக்க, ஆண்கள் பிறந்த ஊரை விட்டுப் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கும் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கும் இடையில் மாறிக்கொண்டே இருந்தார்கள். அரசாங்கப் பதிவேடோ ஊர் மாறியவரின் பெயரையே முதலில் எழுதியது, வளவோடு இருந்தவளின் பெயரை இரண்டாவதாக எழுதியது. இந்தக் காரணத்தால், தேட வேண்டியது ஆளையல்ல, வளவை.

உங்களிடமுள்ள 1943ஆம் ஆண்டு உறுதியை எடுத்து, நாற்றிசை எல்லை எழுதப்பட்டிருக்கும் பகுதியையும், கொடுத்தவருக்கு அக்காணி எவ்வாறு உரித்தானது என்று சொல்லும் வாசகத்தையும் சொல் விடாமல் வாசியுங்கள். ‘எனக்கு எனது தாயாரால் இன்ன ஆண்டு இன்ன திகதி இன்ன நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கப்பட்ட இன்ன இலக்க உறுதி மூலம் உரித்தாகி ஆட்சியிலிருந்து வருவதும்’ என்ற பாணியில் ஒரு வரி நிச்சயமாக இருக்கும். அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு காணிப் பதிவகத்தில் முந்திய உறுதியைத் தேடலாம். நொத்தாரிசு தான் முடிக்கும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டுமென்பது சட்டம். எனவே உங்கள் பெட்டகத்துப் பிரதி சூறாவளியில் போனாலும் அங்கே ஒன்று இருக்க வேண்டும். உறுதியின் தலைப்பில் முத்திரையுடன் குறிக்கப்பட்டிருக்கும் ஏட்டு எண்ணும் பக்க எண்ணும் தெரிந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் அக்காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற வரிசை முழுவதும் கண்முன் வரும்.

எல்லைகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தாய் ஒரு பெரிய வளவைப் பிரித்து மகள்மாருக்குக் கொடுத்தபோது, அக்காவின் வளவு தங்கையின் வளவுக்குக் கிழக்கெல்லையாகும், தங்கையின் வளவு அக்காவுக்கு மேற்கெல்லையாகும். குடும்பத்தில் மறந்துபோன பெரியம்மா, சின்னம்மாமாரின் பெயர்கள் பிறப்புப் பதிவில் இராது. வேலியோரத்து எல்லையில் இருக்கும்.

வயற்காணி உறுதி ஏதேனும் கிடைத்தால் இன்னொரு விடயத்தை மனத்திற் கொள்ளுங்கள். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வரும்வரை மட்டக்களப்பில் முக்குவர் வழமை என்ற மரபுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. முதிசச் சொத்து (பரம்பரைச் சொத்து) ஒருவரிடமிருந்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாமல், சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடதாசியில் ஒரு மருமகன் வயலைப் பெற்றிருந்தால், அவரை மகளின் புருஷன் என்று அவசரப்பட்டு வம்சாவளியில் எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். பாண்டிருப்பில் பிறந்த பெண் வளவை விட்டுத் திருக்கோவிலுக்குப் போய்க் குடியிருந்தார் என்பது வழமைக்கு மாறானது. அதற்கொரு காரணம் இருந்திருக்க வேண்டும். அல்லது அவர் உங்கள் அம்மம்மாவின் கூடப்பிறந்த அக்காவாக இல்லாதிருக்க வேண்டும். தாயின் சகோதரியின் மகளும் எங்களுக்கு அக்காதானே.

பாண்டிருப்புப் பேத்தி

ஐயா, நன்றி. உறுதியை இன்று மறுபடியும் வாசித்தேன். கொடுத்தவர் அம்மம்மாவின் தாயார் தங்கப்பிள்ளை. எல்லைகள் இவ்வாறு உள்ளன: வடக்கில் ஒழுங்கை, கிழக்கில் ‘முன்னர் கண்ணம்மை வளவு, தற்போது வேறொருவருக்குரியது’, தெற்கில் கோயிற்காணி, மேற்கில் வீதி. கண்ணம்மை என்ற பெயரை வீட்டில் யாருமே கேள்விப்பட்டதில்லை.

களுவாஞ்சிக்குடியான்

உறுதிக்காரர் ஐயா சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. அவற்றிலுள்ள எந்தக் கூட்டில் (கட்டத்தில்) என்ன தேடுவது என்று தெரிந்திருந்தாற் போதும்.

அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் பாண்டிருப்பு, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே பழைய பதிவுகளின் தலைப்பில் மட்டக்களப்பு என்றே இருக்கும், ஊரின் பெயருக்குப் பதிலாகக் கரைவாகுப் பற்று என்று மட்டும் எழுதியிருக்கவும் கூடும். இன்றைய பிரதேச செயலகப் பிரிவை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு ‘பதிவு இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு.

இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தாய், தந்தை இருவரின் பெயரும் இருக்கும். தகவல் கொடுத்தவர் யார், இறந்தவருக்கு அவர் என்ன முறை என்பதும் இருக்கும். ‘சகோதரியின் மகன்’ என்று ஒருவர் ஒப்பமிட்டிருந்தால், நீங்கள் தேடிய கிளை அங்கேயே அகப்பட்டுவிடும். சுதந்திரத்துக்குப் பின் பிரசாவுரிமைச் சட்டம் வந்ததால், பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கும் ஒரு கூடு சேர்ந்தது. உங்கள் தாயாருக்கு மாமன்மார் இருந்தால், அவர்களுடைய பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை வாங்கிப் பாருங்கள். அவர்களுக்குக் கணபதிப்பிள்ளை தந்தைவழிப் பூட்டனாரா, பாட்டனாரா என்பதைக் கணக்கிட்டு, பாட்டனாராகும் தலைமுறையின் சான்றிதழைத் தெரிந்தெடுக்க வேண்டும். அந்தக் கூடு தந்தைவழியை மட்டுமே கேட்பதால், உங்கள் தாயாரின் சான்றிதழில் அவர் வரமாட்டார்.

பழைய பிறப்புப் பதிவில் ‘பெற்றோர் விவாகம் செய்தவர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று இருந்தால் மனம் வருந்தவேண்டாம். சோறு கொடுத்து, தாலி கட்டி, ஊரறிய நடந்த கல்யாணங்கள் ஏராளமானவை பதிவாளரிடம் போகவேயில்லை. வழமைப்படி நடந்த விவாகத்தையும், கணவன் மனைவியென ஊர் ஏற்க வாழ்ந்த வாழ்க்கையையும் இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றுத் தீர்ப்பளித்திருக்கின்றன. பதிவாளர் தனக்கு முன்னால் கடதாசி இல்லாததால் அவ்வாறு எழுதினார், அவ்வளவே. விவாகப் பதிவு இருந்தாலும் அதில் மணமக்களின் தகப்பன்மாரின் பெயரே இருக்கும், தாய்மாரின் பெயர் இராது.

சாய்ந்தமருதான்

இந்தக் கேள்வி எங்களுக்கும் அப்படியே பொருந்தும். இப்பகுதி முஸ்லிம்களிடத்திலும் குடி (குலப்பிரிவு) தாய்வழியாகவே வருகிறது, வீடும் பெண்ணுக்கே எழுதப்படுகிறது, மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கே வருகிறார். என் உம்மாவின் உம்மாவுடைய உறவுகளைத் தேடியபோது எனக்குப் பெரிதும் உதவியது காதி விவாகப் பதிவு. முஸ்லிம் விவாகங்களுக்கான பதிவு 1929ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பின்னர் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஒழுங்குபடுத்தப்பட்டது. அதில் மஹரும் (மணமகன் பெண்ணுக்குக் கொடுப்பது) கைக்கூலியும் (பெண் வீட்டார் மணமகனுக்குக் கொடுப்பது) எழுதப்படுவதோடு, பெண்ணின் வலியாக (பொறுப்பாளராக) நின்றவர் யார் என்பதும் எழுதப்படும். தகப்பன் மௌத்தாகியிருந்தால் தகப்பனின் சகோதரரோ பெண்ணின் சகோதரரோ வலியாக நின்றிருப்பார். அந்தப் பெயரைக் கொண்டு இன்னொரு வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் (பொறுப்பாளர்) இருந்த ஊர்களில், அவர்களுடைய வீடுகளில் பழைய கணக்குக் கொப்பிகள் கிடக்கின்றன. வரி கொடுத்தவர்கள் குடிவாரியாக அதில் இருப்பார்கள். பெரும்பாலும் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதப்பட்டிருப்பதால், வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே அவற்றைப் படம்பிடித்துக்கொள்வது நல்லது.

வாவிக்கரை

இவ்வளவு அலைச்சல் எதற்கு? குடி என்னவென்று கேட்டால் வேலை முடிந்தது. திருக்கோவிலில் அதே குடிக்காரரைத் தேடிப் போங்கள், உறவு தானாகத் தெரிந்துவிடும்.

சாய்ந்தமருதான்

சகோதரர் வாவிக்கரைக்கு: ஒரே குடி டசின் கணக்கான ஊர்களில் இருக்கிறது. பெயரளவில் ஒரே குடி தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் இருப்பதுண்டு. ஒரு குடிக்குள் கல்யாணம் இல்லை என்ற விதியினால், குடி தெரிந்தால் யார் யாரை முடித்திருக்க முடியாது என்பது தெரியும். அதனால் பிழையான கணபதிப்பிள்ளைகள் பலரை ஒதுக்கிவிடலாம். சரியானவர் யார் என்பதை அது சொல்லாது. கணபதிப்பிள்ளையின் குடி வேறு, அவருடைய பிள்ளைகளின் குடி வேறு என்பதையும் மறக்கக்கூடாது. அத்தோடு, முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று முதற் கேள்வியாகக் குடியைக் கேட்டால், சாதி விசாரிக்க வந்தவராகவே உங்களைப் பார்ப்பார்கள்.

உறுதிக்காரர்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. குடியைக் கேட்பதற்கு உகந்த இடம் கோயில். கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் திருக்கோவிலிலும் திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் உரிமையாகப் பகிரப்பட்டிருப்பதால், எந்த நாள் உங்களுடையது என்ற பேச்சில் அது இயல்பாகவே வந்துவிடும்.

ஏட்டுச்சுவடி

பாண்டிருப்புப் பேத்தி அவர்களே, ஓலைச் சாதகத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. அதில் வருடப் பெயர் இருக்கிறதா? ஓலையை நல்லெண்ணெயில் கரித்தூள் குழைத்துத் தடவி மென்மையாகத் துடைத்தால் எழுத்துத் தெரியும். ஆனால் விளிம்பு பொடிந்திருந்தால் தடவாமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படமெடுப்பதே உத்தமம்.

பாண்டிருப்புப் பேத்தி

பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ‘விளம்பி வருஷம் கார்த்திகை’ என்பது தெளிவாகத் தெரிகிறது. பின்னால் ரேவதி என்றும் ‘புத்திரி ஜனனம்’ என்றும் இருக்கிறது. பெயர் இல்லை.

ஏட்டுச்சுவடி

விளம்பி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். உங்களுக்குப் பொருந்தக்கூடியவை 1898உம் 1958உம். முதலாவதாயின் அது உங்கள் அம்மம்மாவின் தாயாருடையதாக இருக்கலாம், இரண்டாவதாயின் அம்மம்மாவின் மகளொருவருடையதாக இருக்கலாம். தொடக்கத்தில் சாலிவாகன சகாப்தம் என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். தமிழ் எண்களில் இருக்கும். 1820 ஆனால் 1898, 1880 ஆனால் 1958. அந்த இடம் சிதைந்திருந்தால் கிழமையும் திதியும் நட்சத்திரமும் ஒன்றுசேரும் நாள் எந்த ஆண்டின் கார்த்திகையில் வருகிறது என்று பழைய பஞ்சாங்கத்தில் ஒத்துப்பார்க்கலாம். மரண வீட்டுக் கல்வெட்டுகளில் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்களில்) வரும் திதி வெண்பாவுக்கும் இதே முறைதான். கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் பல, நூலகம் இணையத்தளத்தில் வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு) கிடக்கின்றன. மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆவணம் வேறெதுவும் இல்லை. புலம்பெயர்ந்த பிள்ளைகள் எந்த நாட்டில் என்பதும் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

புளியந்தீவு வாசி

குடும்பத்தில் யாரேனும் கிறிஸ்தவராக இருந்திருந்தால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பாருங்கள். வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்ததிலிருந்து மெதடிஸ்த சபை இங்கே இருக்கிறது, கத்தோலிக்கம் அதற்கும் வெகு முந்தியது. கத்தோலிக்கப் பதிவில் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்கள் இருக்கும், அவர்கள் அநேகமாக நெருங்கிய உறவினரே. எங்கள் பறங்கி (ஐரோப்பியர் வழிவந்த) குடும்பங்களை நான் தொகுத்தது இவ்வழியில்தான்.

பாண்டிருப்புப் பேத்தி

தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். காணிப் பதிவகத்திலிருந்து இரண்டு உறுதிகளின் பிரதிகள் கிடைத்துள்ளன.

முதலாவது 1919ஆம் ஆண்டு எழுதப்பட்டது. அம்மம்மாவின் அம்மம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பாதியை மூத்த மகள் கண்ணம்மைக்கும் மேற்குப் பாதியை இளைய மகள் தங்கப்பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறார். தங்கப்பிள்ளையின் பங்கு, ‘மண்டூரிலிருக்கும் வேலப்போடி மகன் கணபதிப்பிள்ளைக்கு விவாகம் செய்துகொடுக்கும் பொருட்டு’ என்ற வாசகத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. மண்டூரில் எவராலும் சொல்ல முடியாத தகப்பன் பெயர், பெண்ணின் வளவு உறுதியில் இருந்து கிடைத்துவிட்டது.

இரண்டாவது 1936ஆம் ஆண்டு விற்பனை உறுதி. கண்ணம்மையும் அவருடைய கணவரும் கிழக்குப் பாதியை விற்றிருக்கிறார்கள். இருவரின் வதிவிடமும் ‘தற்போது திருக்கோவில்’ என்று குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே ‘திருக்கோவில் அக்கா’ என்பவர் அம்மம்மாவின் கூடப்பிறந்தவர் அல்லர், பெரியம்மா கண்ணம்மையின் மகள் என்று கருதுகிறேன். ஓலையில் சகாப்த எண்ணில் இரண்டா எட்டா என்று காட்டும் இலக்கம் உதிர்ந்துபோனது, அதன் பின்னாலுள்ள பத்தின் குறி மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அதைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்க்கக் கொடுத்திருக்கிறேன். 1898 என்றால் 1919இல் தங்கப்பிள்ளைக்கு இருபது அல்லது இருபத்தொன்று, கல்யாண வயதுக்குப் பொருந்துகிறது. திருக்கோவிலுக்கு எவ்வாறு போவது என்பதே இனிக் கேள்வி. கரையோரத்து வீடுகள் பல 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அழிந்துபோனதால், வளவைத் தேடி அங்கே போவது பயன் தருமா?

களுவாஞ்சிக்குடியான்

கண்ணம்மையின் இறப்புப் பதிவைத் திருக்கோவில் பிரிவில் முதலில் தேடுங்கள். 1936இல் உயிரோடு இருந்தார் என்பது உறுதியானதால், அந்த ஆண்டிலிருந்து தேடினாற் போதும். தகவல் கொடுத்தவரின் பெயரும் முறையும் உங்களுக்கு ஒரு தலைமுறையைத் தந்துவிடும். பின்னர் 1980களின் வாக்காளர் இடாப்பு கிடைத்தால் பாருங்கள். வீட்டு இலக்க ஒழுங்கில் எழுதப்படுவதால் ஒரு வீட்டில் வாழ்ந்த பெண்களும் மாப்பிள்ளைமாரும் சேர்ந்தே இருப்பார்கள்.

உறுதிக்காரர்

மகள், நல்ல காரியம். ஆழிப்பேரலைக்குப் பின் வளவு இடம் மாறினாலும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே மீள்குடியேறின, ஆகவே பழைய அயலாரைக் கேட்டால் புதிய இடம் தெரியும். அரசாங்கக் காணி அனுமதிப்பத்திரம் பெற்ற குடும்பமாயின், பிரதேச செயலகக் காணிப் பேரேட்டில் பின்னுரித்தாளியின் (அடுத்து உரித்துப் பெறுபவரின்) பெயரும் இருக்கும். கண்ணம்மை பிறந்த வளவை விற்றுவிட்டுப் போனதன் காரணம் புருஷனின் வயலாக இருக்கலாம், கடனாக இருக்கலாம். அதை அந்தக் குடும்பத்தார் சொல்லாமல் நீங்களாகக் கேட்க வேண்டாம்.

ஆடி அமாவாசைக்குப் போங்கள். தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்ல வேண்டியிருப்பதால், அந்தப் பெயர்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வரும் வயதானவர்கள் அன்று கடற்கரையில் இருப்பார்கள். அம்மம்மாவின் படமொன்றையும் கண்ணம்மை, தங்கப்பிள்ளை என்ற இரண்டு பெயர்களையும் மட்டும் கொண்டுபோங்கள். உறுதிப் பிரதிகளைக் கையிற் பிடித்துக்கொண்டு போகவே வேண்டாம். கடதாசியோடு வரும் சொந்தக்காரரைக் கண்டால் காணிக்கு வந்தவர் என்றுதான் எவரும் நினைப்பார்கள், கதவும் பாதிதான் திறக்கும். கிழக்குப் பாதி 1936இலேயே விற்றாயிற்று, அதில் எவருக்கும் எந்த உரித்தும் இல்லை என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பாண்டிருப்புப் பேத்தி

அவ்வாறே செய்கிறேன் ஐயா. கண்ணம்மையின் இறப்புப் பதிவுக்கான தேடுதல் விண்ணப்பத்தை இன்று கொடுத்துவிட்டேன். அம்மாவும் ஆடி அமாவாசைக்கு என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். திருக்கோவில் அக்காவின் மூத்த மகளுக்கு இடது காதில் இரண்டு துளை இருந்தது என்பது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.